வரிசையில் நின்ற இருநூறு பேய்கள்

அத்தியாயம் பதினான்கு

பேய்கள் பொறுமையாக வரிசையில் நின்று பார்த்ததுண்டா? மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியறையில், திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அந்த அதிசயம் நடந்தது.

பாழடைந்த மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடம். நடுவில், துப்பாக்கியும் கையுமாகக் கதாநாயகி. எதிரே இருநூறு பேய்கள். பாய்ந்து வந்து அவளைப் பிய்த்தெறிய வேண்டிய அந்தப் பட்டாளம் சுவரோரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, அடக்க ஒடுக்கமாக நின்றுகொண்டிருந்தது. ஒன்றுகூட முந்தவில்லை. ஒன்றுகூட முணுமுணுக்கவில்லை.

“அக்கா, பாஸ்போர்ட் வாங்க வந்தவங்க மாதிரி நிக்குதுங்க” என்றான் சின்னவன், கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“சுட்டுப் பாரு.”

“சுட்டேன். செத்துடுது. ஆனா அடுத்தது வரமாட்டேங்குது. நாமளே ஒவ்வொண்ணு கிட்டயும் நடந்து போய்ச் சுடணும். இது பேயாட்டமா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?”

பெரியவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மாலை நான்கு மணிக்கு, அவர்கள் செய்த கம்ப்யூட்டர் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார். விளையாடிப் பார்ப்பார். பிடித்தால் இரண்டாம் பாகம் உலகுக்குப் போகும். பிடிக்காவிட்டால் இரண்டரை ஆண்டு உழைப்பு இந்த மாடியறையிலேயே கிடக்கும்.

சென்ற வாரம் அம்மா கிளப்பிய புயலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நான்கு வரி. அக்காளும் தம்பியும் செய்த முதல் பாகத்தில் பேய்க்குக் குரல் கொடுத்தது அவர்களைப் பெற்றவள். அவள் பல் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டோக்கன் கூப்பிடுகிறவள். “அடுத்தது யாரு?” என்ற அந்த ஒற்றை வரியை இருட்டுக்குள்ளிருந்து, நிறுத்தி, நிதானமாக அவள் கேட்டபோது, பெயர் தெரியாத ஊர்களில் முரட்டு ஆண்பிள்ளைகள் எழுந்து போய் விளக்கைப் போட்டார்கள். அம்மாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. இரண்டாம் பாகத்தில்தான் வந்தது வினை. இது ஓடுகிற ஆட்டம், சுடுகிற ஆட்டம். அம்மா வாயைத் திறந்து “அடு...” என்பதற்குள் குண்டு பாய்ந்துவிடுகிறது.

“வாழ்க்கை முழுக்க இந்த வீட்ல என்னை யாரும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்ல. செத்துப் பேயானப்புறமும் விடமாட்டீங்களா? எடுத்துடு என் குரலை!” என்று எழுந்து போனவள்தான். பெரியவளும் அதே ரத்தம்; அன்றைக்கே அத்தனையையும் அழித்தாள்.

அழித்தபோது ஒன்றை மறந்துவிட்டாள்.

எல்லாப் பேய்களும் ஒரேயடியாகப் பாய்ந்தால் ஆட்டம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதனால் முதல் பாகம் செய்த நாளில், அம்மாவின் ஆஸ்பத்திரியைப் பார்த்தே ஒரு விதி செய்திருந்தார்கள். ஒவ்வொரு பேயின் கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு டோக்கன். அம்மா கூப்பிட்டால்தான் அடுத்த எண் எழுந்து வரும். அந்த விதி இரண்டாம் பாகத்தின் அடிவயிற்றில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கூப்பிடுகிறவள் போய்விட்டாள். கூப்பிடாமல் எந்தப் பேய் எழுந்திருக்கும்? பெற்ற பிள்ளைகளே அந்தக் குரல் கேட்டால்தானே படுக்கையை விட்டு எழுந்தார்கள்!

“என் குரல்ல போட்டுப் பாத்தேன்” என்றான் சின்னவன், தயங்கித் தயங்கி. ஒரு பொத்தானைத் தட்டினான். அவன் குரல் ‘அடுத்தது யாரு’ என்றது. ஒரு பேய் வரிசையை விட்டு வந்தது.

“மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் மாதிரி இருக்குடா.”

“தெரியுது. அதனாலதான்... அம்மா குரல் ஒரு காப்பி என்கிட்ட இருக்கு. அழிக்கல. போட்டுடவா? சாயந்திரத்துக்கு மட்டும். அம்மாவுக்குத் தெரியவா போகுது?”

“வேண்டாம்.”

“அக்கா, நாலு மணி...”

“அம்மா எடுத்துடுன்னாங்க. நம்ம வசதிக்கு அது இன்னைக்கு மாறிடுமா? கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் என்னடா?”

அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். பெண்ணின் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு இந்த உலகம் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறது. கடமை என்று பெயர் வைத்திருக்கிறது. அவளுடைய குரலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் அப்புறம் அவளுக்கென்று மிஞ்சுவது எது?

சுவரில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. முதல் பாகத்தை ஆடிய ஒரு துப்புரவுத் தொழிலாளி எழுதியது. ‘நாள் முழுக்க யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யச் சொல்கிறார்கள். உங்கள் ஆட்டத்திலும் அலமாரிக்குள் ஒளிகிறேன், கட்டிலுக்கடியில் ஒளிகிறேன். அடுத்த பாகத்திலாவது என்னை நிற்க விடுங்கள்.’ அந்த மூன்று வரிதான் இரண்டாம் பாகத்தைப் பிறக்க வைத்தது. அச்சம் போதும், ஒளிவது போதும் என்று பெரியவள் முடிவெடுத்தாள். முதல் பாகத்தில் ஐந்தே ஐந்து குண்டு கொடுத்தவள், இரண்டாம் பாகத்தில் குண்டுக்குப் பஞ்சமே வைக்கவில்லை. ‘பயமே வரலையே, வெறும் ஓட்டமா இருக்கே’ என்று முன்னோட்டம் பார்த்த பழைய ரசிகர்கள் இப்போதே புலம்புகிறார்கள். புலம்பட்டும். பயந்து பயந்து பழகியவர்களுக்குப் பயமில்லாத இடம் வெறுமையாகத்தான் தெரியும்.

கொள்கை சரி. ஆனால் பேய் எழுந்திருக்கவில்லையே!

கீழே லென்சு தேய்க்கும் இயந்திரம் நின்றது. அப்பா படியேறி வந்தார். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. இந்த மனிதர் இதுநாள்வரை முதல் பாகத்தை ஆடியதே இல்லை. கேட்டால், “அந்தக் குரல் எனக்கு நேர்லயே கேக்குது, மெஷின்ல வேறயா?” என்பார்.

“உங்கம்மா கோவத்துல டப்பாவை வச்சுட்டுப் போயிட்டா. யாராவது கொண்டு போறீங்களா, நான் போய்த் திட்டு வாங்கட்டுமா?”

“நான் போறேன்ப்பா” என்றாள் பெரியவள்.

“எல்லாம் சின்னச் சின்னதா நறுக்கி வச்சிருக்கேன்னு சொல்லு. இப்பல்லாம் அவளால கடிக்க முடியல.”

அவள் அந்த வார்த்தையைக் காதில் வாங்கினாள்; மனத்தில் வாங்கவில்லை. “டேய், மைக்கை எடுத்துக்க” என்று படியிறங்கினாள்.

*

பல் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை என்றால் திருவிழாக் கூட்டம். சனி ஞாயிறு வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அம்மா.

“அம்மா, டப்பா...”

“டோக்கன் எடுத்துக்கிட்டு உக்காரு.”

“நான் உன் பொண்ணும்மா.”

“இங்க எல்லாரும் யாரோ ஒருத்தர் பொண்ணுதான். முப்பத்தி ஒண்ணு. உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள் இருவரும். வேறு வழி?

பெரியவள் தன் தாய் வேலை செய்வதை இப்படி ஒரு முழு மணி நேரம் பார்த்ததே இல்லை. அந்தப் பழைய வரியை நாலு வருடத்துக்கு முன், வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, “மெதுவாச் சொல்லும்மா, இன்னும் மெதுவா” என்று கெஞ்சிப் பதிவு செய்திருந்தாள். இங்கே இருப்பவள் வேறு ஒருத்தி.

“அடுத்தது யாரு? வாங்க வாங்க, வாசல்ல நின்னு யோசிக்காதீங்க. சார், முந்தாதீங்க, எல்லாருக்கும் உண்டு. கூட வந்தவங்க வெளியில. ஏம்ப்பா, அழறதுக்கு இன்னும் டாக்டர் தொடவே இல்லையே! அடுத்தது யாரு? வாய மூடிக்கங்க, உள்ள போய்த் திறந்தாப் போதும்.”

சாட்டை சொடுக்குவது போலச் சொற்கள். ஆனால் ஒரு சொல்லிலும் காயமில்லை. அறுபது பேர் அச்சத்தை ஒற்றை ஆளாக அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். தடியன் ஒருவன் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்தான். மூன்று பேர் எழுந்த வேகத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

“அக்கா” என்றான் சின்னவன் மெல்ல. “பேய் யாருன்னு பாத்தியா?”

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நடுங்குவது பெஞ்சில் இருப்பவர்கள். கூப்பிடுகிறவள் நிமிர்ந்து நிற்கிறாள். எவ்வளவு பெரிய தவறு! ஒரு பெண் ஓங்கிக் குரல் கொடுத்தால் அவளைப் பேய் என்று எழுதுகிற பழைய பழக்கம், புதுமை பேசிய தன் கைக்குள்ளும் புகுந்து எழுதியிருக்கிறதே!

“முப்பத்தி ஒண்ணு!”

பெரியவள் எழுந்து மேசைக்குப் போனாள்.

“எந்தப் பல்லு?” என்றாள் அம்மா, நிமிராமலே.

“பல்லு இல்லம்மா. தப்பு பண்ணிட்டேன்.”

“அதுக்கு இங்க வைத்தியம் கிடையாது.”

“பேய்ங்க எல்லாம் அப்படியே வரிசையில நிக்குதும்மா. நீ கூப்பிடாம ஒண்ணும் வரமாட்டேங்குது.”

அம்மாவின் பேனா நின்றது. “இருநூறுமா?”

“இருநூறும்.”

“முந்தாம?”

“முந்தாம.”

அம்மாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். “நல்ல வளர்ப்பு. ஆனா நான் மறுபடி பேயா வந்து பாதி வார்த்தையில சாகமாட்டேன். சொல்லிட்டேன்.”

“பேயா வேண்டாம். துப்பாக்கி வச்சிருக்காளே, அவளா வா. அவ கூப்பிடட்டும். அதுங்க வரட்டும்.”

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி மகளை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். “முழுசாப் பேச விடுவியா?”

“நீ பேசி முடிச்சாத்தான் அடுத்த பேயே எந்திரிக்கும்.”

“ஒண்ணேகால் மணிக்குச் சாப்பாட்டு நேரம். இருபது நிமிஷம்தான் தருவேன்.”

ஒன்றேகால் மணிக்கு மூவரும் எக்ஸ்ரே அறைக்குள் போனார்கள்; தடித்த சுவர்கள், வெளியிலிருந்து சத்தம் நுழையாது. சின்னவன் மைக்கைப் பிடித்தான். அம்மா நாற்காலியில் உட்கார மறுத்தாள். “உக்காந்துக்கிட்டு யாருடா கூப்பிடுவா?” என்று நின்றுகொண்டே, காலை முழுக்கப் பேசியதை ஒன்றுவிடாமல், எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பேசித் தீர்த்தாள். நடுவில் ஒருமுறை பக்கத்து அறையிலிருந்து பல் குடையும் கருவியின் கீச்சொலி கதவிடுக்கில் புகுந்தது. அம்மா சட்டென்று வாக்கியத்தை விட்டுவிட்டுக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

“அம்மா, இன்னொரு தரம் சொல்லு.”

“சொல்றேன். அந்தக் கதவை நல்லாச் சாத்துடா.”

*

நான்கு மணிக்கு வந்த அம்மையாருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. கொடுத்த தண்ணீரை வலது பக்கமாகச் சாய்ந்து குடித்தார்.

“முதல் பாகத்துல எனக்கு மூணு நாள் தூக்கம் போச்சு. இதுல பயம் எவ்வளவு?”

“பயம் கம்மி, மேடம்” என்றாள் பெரியவள். “வேகம் ஜாஸ்தி.”

“பழைய ரசிகர்கள் திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

அம்மையார் ஆடத் தொடங்கினார். நடைக்கூடம். இருட்டு. இருநூறு பேய்கள் வரிசையில். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் சந்தேகத்தோடு ஒரு பொத்தானைத் தட்டினார்.

‘அடுத்தது யாரு?’

முதல் பேய் துள்ளிக் குதித்து ஓடி வந்தது. சுட்டார். ‘வாங்க வாங்க, வாசல்ல நின்னு யோசிக்காதீங்க!’ இரண்டு வந்தன. சுட்டார். ‘கூட வந்தவங்க வெளியில!’ சுவரை உடைத்துக்கொண்டு எட்டு. அம்மையார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பொத்தானை வேகமாகத் தட்டினால் அம்மா வேகமாகக் கூப்பிட்டாள்; அம்மா வேகமாகக் கூப்பிட்டால் பேய்கள் விழுந்தடித்து வந்தன. ‘அழறதுக்கு இன்னும் டாக்டர் தொடவே இல்லையே!’ என்றதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு முறை ஆடவந்தவர் மூன்று முறை ஆடினார். வாசலில் நின்ற அப்பா, “நான் ஒரு ஆட்டம் ஆடலாமா?” என்று கேட்டதை யாரும் கவனிக்கவில்லை.

“நல்லா இருக்கு” என்றார் அம்மையார் மூச்சு வாங்க. “ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு மாத்தணும். நாயகிக்கு முப்பது வயசு மாதிரி வரைஞ்சிருக்கீங்க. குரல் வயசான குரல். இளமையா ஒரு குரல் போடுங்க. நாங்களே ஒரு நடிகையை அனுப்பறோம்.”

சின்னவன் அக்காளைப் பார்த்தான். இரண்டரை ஆண்டு உழைப்பு ஒரு தலையாட்டலில் கரையேறிவிடும். ஒரே ஒரு தலையாட்டல்.

“குரலை மாத்த மாட்டோம், மேடம்” என்றாள் பெரியவள். “நாயகியை மாத்திக்கறோம். அவளுக்கு அம்பத்தெட்டு வயசு.”

“அம்பத்தெட்டு வயசுல இவ்வளவு வேகமா எப்படி ஓடுவா?”

“அவ ஏன் ஓடணும்? அவ கூப்பிடறா. ஓடி வர்றது அதுங்கதானே?”

அம்மையார் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “எங்க தலைமைக்கு இது பிடிக்காது. எனக்கே இன்னும் தெரியல. வியாழக்கிழமை சொல்றேன்.” எழுந்தவர் முகத்தைச் சுளித்துக் கன்னத்தை அமுக்கிக்கொண்டார். “பக்கத்துல நல்ல பல் டாக்டர் யாராவது இருக்காங்களா?”

அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஆஸ்பத்திரிதான், மேடம்” என்றான் சின்னவன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “அஞ்சு மணிக்குத் திறப்பாங்க. டோக்கன் எடுத்துக்கணும்.”

*

மாலைக் கூட்டம் மெல்லக் கரைந்தது. கடைசி டோக்கனோடு பெஞ்சின் ஓரத்தில் அம்மையார் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

“அடுத்தது யாரு?”

அன்று பிற்பகல் பேய்ப் பட்டாளத்தையே சிரித்துக்கொண்டு சுட்டுத் தள்ளிய அந்தப் பெண்மணி, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க... இந்தக் குரல்... நீங்கதானா?”

“நான்தான் கூப்பிட்டேன். எந்திரிம்மா. பயமா இருக்கா?”

“ரொம்ப.”

அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முழங்கால் வலியில் ஒருபுறம் சாய்ந்த நடை. குனிந்து காதோடு சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு. இருபத்திரெண்டு வருஷமா இங்க இருக்கேன், அந்த நாற்காலியில ஒரு தடவைகூட உக்காந்ததில்ல. ஆறு மாசமா எனக்கே கடவாப்பல்லு உயிர் போகுது. நீ என்னைவிடத் தைரியசாலி. வா, கையப் பிடிச்சுக்க.”

அரைமணி நேரம் கழித்து அம்மையார் வெளியே வந்தபோது பாதி வாய் மரத்திருந்தது. பெஞ்சுகள் காலி. அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் மரத்த நாக்கை உருட்டி உருட்டிக் கேட்டார். “அடுத்தது யாரு?”

“யாரும் இல்லம்மா. நீதான் கடைசி.”

“நீங்க இருக்கீங்களே.”

துடைத்த துணி பாதியில் நின்றது. அம்மா டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். பிறகு, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, தனக்கென்று ஒரு டோக்கனைக் கிழித்து எடுத்துக்கொண்டு, போய் உட்கார்ந்தாள்.

“அடுத்து யாராவது இருந்தா வரச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

கூப்பிட ஆளில்லை. கூப்பிடுகிறவள் பெஞ்சில் இருந்தாள், அந்த இருநூறு பேய்களைப் போல, அடக்க ஒடுக்கமாக.

அம்மாவை அழைத்துப் போக வந்த பெரியவள் அதற்குள் வாசலில் நின்றிருந்தாள். நிறுவனம் போட்ட நிபந்தனையை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல் தேடிக்கொண்டு வந்தவள். மடியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் தாயைக் கண்டாள். சின்னச் சின்னதாக நறுக்கி வைத்த அப்பாவின் டப்பா இப்போதுதான் மனத்தில் விழுந்தது. சுவரோரமாக நின்ற அம்மையார் கைப்பேசியை எடுத்துத் தலைமைக்கு ஏதோ எழுதத் தொடங்கினார்; என்ன எழுதினார் என்பதை யாரும் பார்க்கவில்லை.

பெரியவள் மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். ஒரு சொல்லையும் விழுங்காமல், ஓர் எழுத்தையும் அவசரப்படுத்தாமல், கூப்பிட்டாள்.

“அடுத்தது யாரு?”

அம்மா எழுந்தாள். மூன்றடி நடந்தாள். கதவருகே நின்று திரும்பினாள்.

“பெரியவளே, அந்தத் துப்பாக்கியை எடுத்துட்டு வந்தியாடி?”